பால் பாக்கெட்டுக்கும் அடுப்புக்கும் நடுவே

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு யோகா மேட் இருக்கிறது. ஊதா நிறம், வாங்கிய பையோடு. வாங்கிய வாரம் தினமும் ஒரு மணி நேரம் ஆசனம் செய்தேன். எட்டாம் நாள் தொடை பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் ஊரிலிருந்து விருந்தாளிகள். மேட் பரணேறியது. இப்படி மூன்று முறை.

நாலாம் முறை ஆசையைக் குறைத்துக்கொண்டேன்: பன்னிரண்டு நிமிடம். பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைப்பதற்கும் அடுப்பைப் பற்றவைப்பதற்கும் நடுவே அவ்வளவுதான் கிடைக்கும். காபி அதற்குப் பிறகே. வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். டம்ளரோடு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்பது உண்மைக் காரணம்.

பன்னிரண்டு நிமிடமெல்லாம் ஒரு யோகாவா என்பவர்களுக்கு கிருஷ்ணமாச்சாரியாரைக் காட்டுவேன். 1930களில் மைசூர் யோகசாலையில் பையன்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது வேகமும் கடுமையுமான பயிற்சி. பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் எல்லாம் அந்தக் காலத்து மாணவர்கள். அதே மனிதர் 1950களில் சென்னைக்குக் குடிவந்தபின் அவரைத் தேடி வந்தவர்களில் குடும்பஸ்தர்களும் நோயாளிகளும் உண்டு. வயது, உடம்பு, கையிலிருக்கும் நேரம் எல்லாம் பார்த்து ஆளுக்கொரு பயிற்சி கொடுத்தார். பொறியியல் படித்த மகன் தேசிகாச்சார், 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தைத் தொடங்கி இந்த வழியைத்தான் வளர்த்தார்.

அந்த மரபில் எனக்குப் பிடித்தது மூச்சுக் கணக்கு. மூச்சை இழுக்கத் தொடங்கிய பிறகே கை எழ வேண்டும். கை நின்ற பிறகே மூச்சு முடிய வேண்டும். கேட்க சுலபம். முதல் நாள் செய்தபோது என் கை முந்திக்கொண்டு போய் மேலே காத்திருந்தது.

நின்றபடி ஆறு முறை கைகளை உயர்த்தி இறக்குவதில் தொடங்குவேன். பிறகு மூச்சை விட்டபடி முழங்காலைச் சற்றே மடக்கிக் குனிவது. விரல் தரையைத் தொட வேண்டும் என்ற வேண்டுதல் ஏதுமில்லை. அப்புறம் பூனைபோல் முதுகை வளைத்து நிமிர்த்தி, குப்புறப் படுத்துப் புஜங்காசனம். முதுகைப் பின்னால் வளைத்ததால், மல்லாந்து இரு முழங்காலையும் மார்போடு அணைத்துச் சரிக்கட்டுவது. கடைசி மூன்று நிமிடம் சவாசனம். நேரமில்லாத நாளில் எல்லாரும் முதலில் வெட்டுவது இதைத்தான். நான் புஜங்காசனத்தை வெட்டுவேன்.

நிற்கிற ஆசனங்களுக்கு வெறுந்தரை போதும். படுப்பதற்கு பவானி ஜமுக்காளம், மடித்துப் போட்டு. கோரைப்பாய் டைல்ஸ் தரையில் வழுக்குகிறது. வருத்தம்தான், ரிஷிகேஷில் ஆசிரமம் கண்டு யோகத்தைப் பரப்பிய சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது, பாய்க்குப் பேர்போன பத்தமடையில் அல்லவா!

சிரசாசனமும் சர்வாங்காசனமும் என் பட்டியலில் இல்லை. கழுத்து எலும்புத் தேய்மானமோ கண் நீர் அழுத்தமோ கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ இருப்பவர்கள், தலை கீழே போகும் எதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மற்றவர்களும் இவற்றைச் செல்போன் பார்த்துக் கற்க வேண்டாம். தொடங்குமுன் சில நாள் ஓர் ஆசிரியர் முன்னால் செய்து காட்டித் திருத்திக்கொள்வது நல்லது. வீட்டில் நம் முதுகை நம்மால் பார்க்க முடியாது.

இதெல்லாம் சரி, தினமும் செய்வது எப்படி? அலாரம், செல்போன் செயலி எல்லாம் முயன்று, கடைசியில் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரிடம் சரணடைந்தேன். ஆசனம் முடித்தால்தான் தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஜுரம், பயணம் என்றால் படுத்தபடியோ உட்கார்ந்தபடியோ இரண்டு நிமிடம் மூச்சைக் கவனித்தாலும் கணக்கில் சேரும். அதையும் செய்யாவிட்டால் பழைய தேதியே தொங்கும். ஒரு மார்ச் மாதம் எங்கள் வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து செவ்வாய்க்கிழமையாகவே இருந்தது.

சிக்கல் மாமியாருக்குத்தான். விடிந்ததும் ராகுகாலமும் ராசிபலனும் பார்த்தாக வேண்டும் அவருக்கு. அந்த வாரம், புதன்கிழமைக்குச் செவ்வாயின் ராகுகாலத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர், வழியில் விஷயம் தெரிந்து கோபத்தோடு திரும்பி வந்தார். இப்போதெல்லாம் நான் சவாசனத்தில் கண்மூடிக் கிடக்கையில் காலண்டர் பக்கமிருந்து குரல் வருகிறது:

“ஏம்மா, ஆச்சா? கிழிச்சிடட்டுமா?”