சண்டையைப் பேசித் தீர்க்கப் பழக்கும் வகுப்புகள்

பிள்ளைகள் தங்களுக்குள் வரும் சண்டையைப் பேசித் தீர்த்துக்கொள்ளப் பழக்கும் வகுப்புகளை நியூயார்க் நகரப் பள்ளிகளில் 1972-இல் குவேக்கர் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். குவேக்கர்கள் போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினர். ஆர்ப்பாட்டங்களில் கைகலப்பு மூளாமல் காக்கும் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த அவர்கள், இந்தப் பழக்கம் சிறுவயதிலேயே வர வேண்டும் என்று உணர்ந்து தொடக்கப் பள்ளிகளை நாடினார்கள். இதே குழுவினர்தான் 1975-இல் நியூயார்க் மாநிலத்தின் கிரீன் ஹேவன் சிறையில் கைதிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் அங்கும் பயிற்சி தொடங்கினார்கள்.

ஒத்துழைப்பு, காதுகொடுத்துக் கேட்பது, தன்னையும் பிறரையும் மதிப்பது ஆகியவற்றோடு சேர்ந்துதான் தகராறைத் தீர்க்கும் பாடமும் வருகிறது. சேர்ந்து விளையாடவே பிடிக்காத இருவரைச் சமரசம் பேசச் சொல்வது வீண்.

இத்தகைய வகுப்புகளில் பரவலாக நடக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உறை. உள்ளே வெட்டிய அட்டைத் துண்டுகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரே அளவுச் சதுரம் அமைய வேண்டும். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, அடுத்தவர் துண்டை எடுக்கக் கூடாது. தன்னிடம் இருப்பதைக் கொடுக்கலாம். ஒரு பிள்ளை முந்திக்கொண்டு தன் சதுரத்தை முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அதில் பிறருக்கு வேண்டிய துண்டு சிக்கியிருந்தால், அதைக் கலைக்கும்வரை மற்றவர்கள் முடிக்கவே முடியாது. விளையாட்டுக்குப் பிறகு இதைப் பற்றி நடக்கும் பேச்சுதான் அன்றைய பாடம்.

சொல்லையும் பழக்குகிறார்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றால் பதிலுக்கு அடிதான் விழும். "கேக்காம என் பென்சிலை எடுத்தா எனக்குக் கோபம் வருது" என்றால் எதிராளிக்குப் பதில் சொல்ல இடம் இருக்கிறது.

தன்னார்வலர் மதிப்பெண் போடுவதில்லை, தண்டிப்பதில்லை. அதனால் பிள்ளைகள் அவரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறது. ஆனால் வந்துபோகிறவர் மறுநாள் மைதானத்தில் மூளும் சண்டையின்போது பக்கத்தில் இருக்கமாட்டார். வகுப்பாசிரியரும் கூடவே கற்றுக்கொள்வது அவசியம். 1985-இல் அதே நகரில் கல்வி வாரியத்தின் துணையோடு தொடங்கிய மற்றொரு திட்டம் ஆசிரியர்களையே பயிற்றுவித்தது. 1990-களில் 15 தொடக்கப் பள்ளிகளில் சுமார் 5,000 பிள்ளைகளிடம் அத்திட்டம் ஆராயப்பட்டது. பிறர் வேண்டுமென்றே தனக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும் போக்கு வயது ஏற ஏற வளர்வது வழக்கம். பாடங்கள் நிறைய நடந்த வகுப்புகளில் அந்த வளர்ச்சி மட்டுப்பட்டது. ஆசிரியர் பயிற்சி பெற்றும் சில பாடங்களே நடத்திய வகுப்புகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.