திரும்பி வரும் தண்ணீரின் விலை

டென்மார்க்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகளுக்குக் குளிர்காலச் சூடு தெருவிலிருந்துதான் வருகிறது. பொதுவான ஓரிடத்தில் காய்ச்சிய தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியே வந்து, வீட்டில் சூட்டை இறக்கிவிட்டு இன்னொரு குழாயில் திரும்பிவிடும். 1973 எண்ணெய் நெருக்கடியில் பட்ட அடிக்குப் பிறகு, 1979-இல் இதற்கென்றே வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. வெப்பத்தை லாபம் வைத்து விற்கக்கூடாது என்பது அங்கே விதி.

80 டிகிரியில் போய் 40-இல் திரும்புவது பழைய வழக்கம். இப்போது 55-இல் அனுப்பி 25-இல் திரும்பப் பெறப் பார்க்கிறார்கள். சுற்றியுள்ள மண் 8 டிகிரி என்று வைத்தால், இரு குழாய்களின் சராசரிச் சூட்டுக்கும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 52-இலிருந்து 32 ஆகிறது; வழியில் வீணாகும் வெப்பமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். ஒடென்ஸ் நகரில் செய்வதுபோல, டேட்டா சென்டர் வெளியே தள்ளும் வெதுவெதுப்பைக்கூட ஹீட் பம்ப் வைத்து ஏற்றி விற்கலாம். எட்ட வேண்டிய சூடு குறையக் குறைய பம்பின் கரண்ட் செலவும் குறையும்.

ஆனால் முன்பு 40 டிகிரியை இறக்கிய ஒவ்வொரு லிட்டரும் இப்போது 30-ஐத்தான் இறக்குகிறது. அதே வெப்பத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தண்ணீர் ஓட வேண்டும். வீட்டு வால்வு கெட்டு, தண்ணீர் 35-இலேயே திரும்பினால் வித்தியாசம் வெறும் 20. ஓட்டம் பழையதைப்போல இரண்டு மடங்கு. பல வீடுகள் இப்படியென்றால் குழாயையே பெரிதாகப் போட வேண்டிவரும். அதனால்தான் பல டேனிஷ் நிறுவனங்கள், தண்ணீரைச் சூடாகவே திருப்பி அனுப்பும் வீட்டுக்குக் கூடுதல் கட்டணம் போடுகின்றன. இந்த ஏற்பாட்டிலேயே கெட்டிக்காரத்தனமாக எனக்குப் படுவது இதுதான்.

குளியல் வெந்நீருக்கும் ஒரு செலவு உண்டு. வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். எனவே தொட்டியே இல்லாமல், பைப்பைத் திறந்ததும் சூடாக்கித் தரும் சாதனம் வீட்டுக்கு வீடு வேண்டும்.

பெரும் பணம் போவது பள்ளத்தில். தண்ணீர் 80 ஆனாலும் 55 ஆனாலும் தெருவை வெட்டி மூடும் கூலி ஒன்றுதான். சூடு வெளியேறாதபடி கட்டிய புது வீட்டுக்கு 55 தாராளம், ஆனால் அது வாங்கும் வெப்பமோ சொற்பம். நிறைய வாங்கும் பழைய வீட்டுக்குக் கடுங்குளிரில் 55 பற்றாமல் போகலாம். ஆகவே திட்டமிடுபவர் முதலில் பார்ப்பது, ஒரு மீட்டர் குழாய்க்கு ஆண்டில் எவ்வளவு விற்கும் என்பதைத்தான். ஆயிரம் மீட்டர் தெருவில், ஆண்டுக்குப் பத்தாயிரம் யூனிட் வாங்கும் 50 வீடுகள் என்று வைத்துக்கொண்டால் மீட்டருக்கு 500 யூனிட். பாதிப் பேர் மட்டும் சேர்ந்தால் 250. கடன் தவணை மட்டும் அப்படியே நிற்கும். போதுமான வீடுகள் கையெழுத்துப் போட்ட பிறகே அங்கே மண் தோண்டும் இயந்திரம் தெருவுக்கு வருகிறது.