நாலு மணிச் சொக்கல்

நைட் டூட்டி பார்க்கும் எந்த சிஸ்டரைக் கேட்டாலும் சொல்வார்: நள்ளிரவு வரை சமாளித்துவிடலாம், மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்தான் கண் சொக்கும். அதைவிட விசித்திரம், காலை எட்டு மணிக்கு ஹேண்டோவர் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், பொட்டுத் தூக்கம் இல்லாமலே கொஞ்சம் தெளிந்திருக்கும். விழித்திருந்த நேரம் ஏற ஏறத் தூக்கமும் ஏறத்தானே வேண்டும்?

உடம்பில் இரண்டு கணக்குகள் தனித்தனியே ஓடுகின்றன. விழித்திருக்கும் வரை மூளையில் தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும்; தூங்கினால்தான் குறையும். இன்னொன்று கடிகாரம். இரு கண்களின் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் அதை நடத்துகிறது. அந்த அணுக்களுக்குள் சில மரபணுக்கள் புரதம் செய்கின்றன. புரதம் பெருகியதும் அதுவே திரும்பிவந்து தன்னைச் செய்த மரபணுவை அடக்குகிறது. அது சிதைந்ததும் வேலை மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். பழ ஈக்களில் இதைத் துலக்கிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது. விடியலுக்கு முன் உடல் வெப்பத்தை மிகத் தாழ்வுக்கு இறக்கிக் கண் சொக்க வைப்பதும், பிறகு அதை ஏற்றித் தெளிய வைப்பதும் இந்தக் கடிகாரம்தான்.

‘போகப் போகப் பழகிடும்’ என்பார்கள் சீனியர்கள். 1938இல் கென்டக்கியின் மாமத் குகைக்குள் நத்தானியல் கிளைட்மனும் அவர் மாணவர் ரிச்சர்ட்சனும் 32 நாள் தங்கி, நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்து வாழ்ந்து பார்த்தார்கள். இளையவரின் உடல் வெப்பம் புது நாளுக்கு இசைந்தது. கிளைட்மனுடையதோ பழைய 24 மணிக் கணக்கை விடவே இல்லை. தூக்க ஆராய்ச்சியின் முன்னோடிக்கே அந்தக் கதி. முதல் வாரத்தில் தடுமாறும் ஸ்டூடண்ட் நர்ஸைத் திட்டிப் பயனில்லை.

காஃபீன் அடினோசினைக் குறைப்பதில்லை, அது உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. குடித்ததில் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். ஆகவே காபியை டூட்டியின் முன்பாதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆள் மாற்றிவிட்டு இருபது நிமிடம் கண்ணயர வாய்த்தால் விடாதீர்கள். அதற்கு மேல் நீண்டால் ஆழ்தூக்கத்திலிருந்து எழ நேரும். எழுந்த மந்தம் தெளியும்வரை சிரிஞ்சைத் தொடக்கூடாது. அந்த நாலு மணி வேளையில் இன்சுலின், ஹெபரின், பொட்டாசியம் குளோரைடு எதுவானாலும் இன்னொருவரையும் அளவு பார்க்கச் சொல்வதில் கூச்சம் எதற்கு?

வீடு திரும்பும் வழிதான் எனக்குக் கவலை. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவர்களுடையதைப் போல இருந்தது. 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.10க்கு இணையாயிற்று. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பு 0.03. முந்தைய நாள் காலை எழுந்தவர், நடுவே தூங்காமல் டூட்டி முடித்து ஸ்கூட்டியை எடுத்தால், ஊதச் சொல்லும் கருவி எதையும் காட்டாது. பஸ்ஸில் போங்கள். வெயில் படாமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. காலை வெளிச்சம் கடிகாரத்துக்குப் பகல் வந்துவிட்டதாகச் சொல்லிவிடும்.

டூட்டி சார்ட் போடுபவர்களுக்கும் ஒன்று. மனிதக் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னே இழுப்பது கடினம். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்ட் மாற்றினால் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும். இரவிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கி மாற்றும் சார்ட்டைத் திருத்தக் கூடுதல் ஆளும் வேண்டாம், கூடுதல் பணமும் வேண்டாம்.