குறைமாதப் பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை ஆகாது

எட்டாம் மாதத்துப் பயம்

ஏழு மாசத்துப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும், எட்டு மாசத்துப் பிள்ளைதான் தங்காது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கிருந்து வந்த கணக்கோ! நுரையீரலைப் பொறுத்தவரை அது தலைகீழ். வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் அதற்கு லாபம்தான்.

மூச்சை விடும்போது காற்றறைகள் ஈரமான பிளாஸ்டிக் பைபோல ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபக்டன்ட் என்ற வழவழப்பான பொருள். ஆறாம் மாதம் வாக்கில் சுரக்கத் தொடங்கினாலும், 34, 35 வாரங்களில்தான் போதிய அளவு சேரும். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இந்தக் குறையால் இரண்டே நாளில் இறந்தான். அன்று அதிபர் வீட்டுக்கே இல்லாத மருந்து இன்று நம் ஊர்ப் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் (என்.ஐ.சி.யூ.) இருக்கிறது. 1980-ல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா சர்ஃபக்டன்டையே மருந்தாகக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்திக் காட்டினார்.

அதைவிடச் சுலபமான வழி ஒன்றும் உண்டு. குறைமாதப் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால், தாய்க்கே ஸ்டீராய்டு ஊசி போட்டு வயிற்றிலுள்ள பிள்ளையின் நுரையீரலைத் தயார்ப்படுத்தலாம். நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972-ல் நிரூபித்த வைத்தியம் இது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் மிரண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று நேரத்தைக் கடத்துகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. முழுப் பலன் கிடைக்க ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவே ஒரு நாளாவது வேண்டும்.

உயிர் கொடுத்த கருவியே புண்ணாக்கும்போது

1967-ல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர் நார்த்வே, வென்டிலேட்டரில் பிழைத்த குழந்தைகளின் எக்ஸ்ரேக்களில் ஒரு புதிய நோயைக் கண்டார். பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்பது அவர் வைத்த பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். குழாய் வழியே தள்ளப்படும் காற்றின் அழுத்தம், அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன், கிருமித்தொற்று ஆகியவை சேர்ந்து பிஞ்சு நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். அந்த நாட்களில் நுரையீரல் தழும்பேறிக் கிடக்கும். இப்போது 28 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளும் பிழைப்பதால் நோயின் முகமே மாறிவிட்டது. தழும்பு குறைவு, ஆனால் காற்றறைகள் மேற்கொண்டு பிரியாமல் வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது.

இறுதி மாதவிடாயிலிருந்து எண்ணி 36 வாரம் ஆனபின்பும் குழந்தைக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டால் பி.பி.டி. என்று முடிவு செய்வார்கள். மிஞ்சிய ஆக்சிஜனே நுரையீரலைப் புண்ணாக்கும் என்பதால்தான் நர்ஸுகள் மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 90-க்கும் 95-க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். 'ஏன் சிஸ்டர், நூறு வைக்கக் கூடாதா?' என்று கேட்கும் தகப்பன்மார்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நூறு கண்ணின் விழித்திரையையும் கெடுக்கும். குழாய் போடாமல் மூக்கு வழியே காற்றழுத்தம் தரும் சி-பேப், மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்குத் தரும் கஃபீன் (நாம் குடிக்கிற காபியில் இருக்கும் அதே சரக்குதான்), தாய்ப்பால் மூன்றுமே இந்த நோயின் வாய்ப்பைக் குறைப்பவை. தாய்க்குப் பால் ஊறத் தாமதமானால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, எறணாகுளம் பொது மருத்துவமனையில் 2021 பிப்ரவரியில் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஒரு பதில். கேரளத்திலேயே முதலாவது அது.

மட்டாஞ்சேரியின் காற்று

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருகிறபோது குழந்தை தேறியிருக்கும், நுரையீரல் முழுதாக வளர்ந்திருக்காது. நம் காற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகு, முதல் இரண்டு வருடத்தில்தான் உண்டாகிறது. ஆகவே அந்த இரண்டு வருடம் குழந்தை எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது என்பதும் சிகிச்சையில் சேர்த்தி.

நம் கொச்சியின் மட்டாஞ்சேரியில் இது லேசான காரியமல்ல. பஜார் ரோடு கிடங்குகளில் சுக்கும் மிளகும் மிளகாயும் கொட்டிக் கட்டும்போது எழும் தூசி, ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், இடவப்பாதி மழையில் பூசணம் பூக்கும் சுவர்கள். 2023 மார்ச் 2-ம் தேதி பிரம்மபுரம் குப்பைமேட்டில் தீப்பிடித்துப் பத்து நாளுக்கும் மேல் கொச்சி புகையில் மூழ்கியதே, அப்போது பெரியவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு மாஸ்க் போடக்கூடாது. ஜன்னலை அடைத்து உள்ளே வைத்திருப்பது, முடிந்தால் உறவினர் ஊருக்குக் கொண்டுபோவது, இவ்வளவுதான் வழி.

ஊர்ப்புகை நம் கையில் இல்லை. வீட்டுப்புகை இருக்கிறது. கொச்சியோ கொசுவுக்குப் பேர்போன ஊர். ஒரு கொசுவத்தி எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கொசுவலை போதும், அதுதான் நல்லது.

அடுத்தது சாம்பிராணி. இங்கே தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் குழந்தையைக் குளிப்பாட்டியதும் தணலில் சாம்பிராணி தூவி, தலைமுடியைப் புகையில் காட்டுவது உண்டு. 'சளி கட்டாதும்மா, ஒரு புகை காட்டிடு' என்று பாட்டி சொல்வது பிரியத்தில்தான். குழந்தையின் முகம் அந்தத் தணலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அழற்சி ஆறாத நுரையீரலுக்கு விறகுப்புகையும் சாம்பிராணியும் ஒன்றுதான். பாட்டியிடம் மருமகள் சொன்னால் சண்டை வரும். டிஸ்சார்ஜ் அன்று பாட்டியையும் உட்காரவைத்து டாக்டரையே சொல்லச் சொல்வது புத்திசாலித்தனம். தலையை மெல்லிய துணியால் துவட்டினால் ஈரம் போய்விடும்.

வீட்டிலும் ஆக்சிஜன் தர வேண்டிய குழந்தை என்றால், சிலிண்டர் இருக்கும் அறையில் குத்துவிளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது. கேஸ் அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. இங்கே பயம் புகையால் அல்ல, தீயால்.

எப்போது ஓட வேண்டும்

இந்தக் குழந்தைகளுக்குச் சாதாரணச் சளியே ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். பள்ளிக்கூடம் போகும் அண்ணன் அக்காவுக்கு மூக்கொழுகினால் பாப்பாவைத் தூக்க விடாதீர்கள். தடுப்பூசிகளைப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும். குறைமாதம் என்று தள்ளிப்போடக் கூடாது. ஆறு மாதம் ஆனதும் ஃப்ளூ ஊசி பற்றிக் கேளுங்கள்.

குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து அறிகுறி. பி.பி.டி. உள்ள குழந்தைக்கு வழக்கமே கொஞ்சம் வேகமாக இருக்கலாம். அதன் வழக்கமான எண்ணிக்கையை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக் குறித்துவையுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்கு விடைப்பது, முனகுவது, பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி விட்டுவிடுவது, உதடு நீலமாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். மட்டாஞ்சேரியிலேயே அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. நடுராத்திரியில் அங்கே போவதா, பாலம் தாண்டி எறணாகுளம் போவதா என்பதை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, ஆம்புலன்ஸ் எண் 108-ஐயும் சேர்த்து டிஸ்சார்ஜ் தாளின் மேலேயே எழுதிவையுங்கள்.