ஆசிரியர் ஒருவர், வகுப்புகள் ஐந்து: ரிஷிவேலி காட்டும் வழி

புது தில்லி: நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகளில் 33 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பயின்றதாக மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25ஆம் ஆண்டுப் புள்ளிவிவரம் தெரிவிக்கிறது. இத்தகைய பள்ளிகளின் எண்ணிக்கையில் ஆந்திரப் பிரதேசமே முதலிடம்.

ஒரே ஆசிரியரிடம் பயின்றாலும் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்பதற்கு ஒரு வழி உருவானதும் அதே ஆந்திரத்தில்தான். மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலி கல்வி மையம், சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தது. 'கற்றல் ஏணி'யைப் பார்த்து, தான் எட்டியுள்ள படிக்குரிய அட்டையைக் குழந்தையே எடுத்துக்கொள்கிறது.

புதிய பாடம் தொடங்குவோர் ஆசிரியருடன் அமர்வர். ஓரளவு தேர்ந்தவர்கள் தோழர்களின் துணையுடன் பயில்வர். மற்றவர்கள் தாமே பயிற்சி செய்வர். மதிப்பீடும் ஏணியின் ஒரு படியே. தடுமாறுவோருக்குக் கூடுதல் பயிற்சி உண்டு. பல நாள் வராத குழந்தையும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, பின்னர் தமிழகம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றலுக்கும் இதுவே முன்மாதிரி.

எனினும், எந்தக் கற்பித்தல் முறையும் ஆசிரியருக்கு மாற்றாகாது. 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அட்டையையும் ஏணியையும் காட்டி அரசுகள் ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போட்டால், அருகமர்ந்து சொல்லித்தர வேண்டிய குழந்தையே முதலில் பின்தங்கும்.