உரைத்தொகுப்பியினுள் முனையம்: சொல்லடைவு காண்பார்க்குச் சில குறிப்புகள்

சொல்லடைவு அமைத்தற்கு முன்னாளில் சீட்டுகளே கருவியாயிருந்தன. ஒவ்வோர் ஆட்சியையும் ஒரு சீட்டில் எழுதி அகரநிரலில் அடுக்குதற்கு ஆண்டுகள் பல கழியும். நூலின் மின்னுரை கையிலிருப்பின் அப்பணியின் பெரும்பகுதியை இன்று கணினி நொடிப்பொழுதில் செய்துவிடுகின்றது. இதற்கெனத் தனி மென்பொருளைத் தேடும் முதுகலை மாணவர் பலர். தேடவேண்டுவதில்லை. உரை திருத்த நாளும் பயன்படும் உரைத்தொகுப்பியினுள்ளேயே முனையம் எனப்படும் கட்டளைச் சாளரம் அமைந்துள்ளது. அதன் பயனும், அதனை நம்புதற்குரிய எல்லையும் ஈண்டுக் கூறப்படும்.

முனையம் என்பது, பெருங்கணினியோடு கம்பியால் இணைந்திருந்த தட்டச்சுப் பொறிக்கு முதலில் வழங்கிய பெயராகும். அம்முனையங்களில் இயங்கிய உரைத்தொகுப்பிகளுள் ஒன்று ‘எட்’. அதன் தேடற்கட்டளையினின்று பிரிந்து தனிக்கருவியானதே, 1973இல் கென் தாம்சன் ஆக்கிய ‘கிரெப்’. ஆதலின் தொகுப்பியும் கட்டளையும் ஒரு குடிப் பிறந்தவை என்னலாம். ஈமாக்ஸ் இவ்விரண்டையும் நெடுங்காலமாக ஒருங்கே வைத்துள்ளது. விஷுவல் ஸ்டூடியோ கோடில் 2016இலும், விம்மில் 2018இலும் முனையம் உள்ளமைந்தது.

விஷுவல் ஸ்டூடியோ கோடில் நூற்கோப்புகள் உள்ள கோப்புறையைத் திறந்து, பட்டியிலுள்ள முனையப் பகுதியிற் புதிய முனையத்தைத் தேர்ந்தால், உரையின் கீழே அது தோன்றும். லினக்ஸ், மேக் கணினிகளில் கிரெப் இயல்பாகவே உண்டு. விண்டோஸில் லினக்ஸ் துணையமைப்பை நிறுவிக்கொள்ளல் நன்று. கோப்பின் பெயரும் வரியெண்ணும் உடன்வருமாறு கிரெப்பை ஏவி, விடையில் அவ்வெண்ணைக் கன்ட்ரோல் விசையுடன் (மேக்கில் கமாண்ட் விசையுடன்) சொடுக்கினால், மேலே உரை அவ்வரியில் நிற்கும். எண்ணிக்கையைத் தனியே பெற்று அமையாது, ஒவ்வோர் ஆட்சியையும் அதன் இடத்தில் வைத்துப் படிக்க இயலுதலே இவ்வமைப்பின் சிறப்பு.

அங்ஙனம் படித்தே ஆகவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கிரெப் அறிவது குறியெண் நிரலை. எழுத்தையோ சொல்லையோ அன்று. ‘அறம்’ என்று தேடினால் ‘இல்லறம்’ அகப்படாது. அங்கே அகரம் லகர மெய்யொடு புணர்ந்து மறைந்துவிட்டது. ‘அறன்’, ‘அறத்தின்’ என்பனவும் அகப்படா. இவற்றையேனும் புணர்ச்சி கற்றவர் முன்னரே உணர்ந்துகொள்வர். கண்ணுக்குப் புலனாகாத இடர் வேறொன்று உளது. யூனிக்கோடில் ‘கொ’ என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு இல்லை. தேடலிலோ ஒருவகையால் தேடினால் மற்றொருவகை அகப்படாது. பலர் பல காலத்துத் தட்டச்சிட்ட உரைகளை ஒன்றுசேர்த்துத் தேடுவோர், அவற்றை முதலில் ஒரே வடிவிற்குக் கொணர்தல் வேண்டும்.

இதனைச் சிறு பிழையென்று தள்ளுதற்கில்லை. இன்ன சொல் இந்நூலில் இல்லை என்னும் கூற்று, நூலின் காலத்தை வரையறுப்பதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. முனையம் தந்த வெறும் விடையை மட்டும் கொண்டு அங்ஙனம் எழுதுதல் ஆராய்ச்சியாகாது. உண்டென்னும் விடையைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம். இல்லையென்னும் விடையில் பார்ப்பதற்கு ஏதுமில்லை.

எண்ணுதலிலும் இஃதே நிலை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. குறிகளை எண்ணும் கட்டளைக்கு ஐந்து. பைட்டுகளை எண்ணினால் பதினைந்து. யாப்பு ஆராய்வோர் இம்மூன்றனையும் மயக்கலாகாது. மேலும், கிரெப்பின் எண்ணும் விருப்பம் ஆட்சிகளை எண்ணாது, ஆட்சியுள்ள வரிகளையே எண்ணும். ஓரடியில் இருமுறை வந்த சொல் ஒன்றாகவே கணக்கில் ஏறும். குறியெண் நிரலில் அடுக்குமாறு அமைந்த கணினியில் ‘சார்ட்’ கட்டளை தரும் வரிசையும் நம் நெடுங்கணக்கு அன்று. அங்கே னகரம் நகரத்தை அடுத்துப் பகரத்திற்கு முன் நிற்கும், ‘அன்பு’ ‘அமுது’க்கு முன் வந்துவிடும், மெய்யெழுத்து தன் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னே செல்லும்.

இனி, கையாளுதலில் கருதவேண்டுவன இரண்டு. முனையம் படிப்பது வட்டில் சேமித்த கோப்பினையே. மேற்சாளரத்தில் திருத்திச் சேமியாது விட்டவற்றை அது அறியாது. மற்றொன்று யான் பட்டறிந்தது. புறநானூற்றுச் சொற்பட்டியல் ஒன்றை வரிசைப்படுத்தி, விடையை அம்புக்குறியிட்டு அதே பெயருடைய கோப்பிற்கு அனுப்பினேன். வரிசைப்படுத்தத் தொடங்குமுன்னரே கோப்பு வெறுமையாக்கப்படும் என்பது அன்றுதான் விளங்கிற்று. மூன்று வார உழைப்பு அதனோடு போயிற்று. விடையை எப்பொழுதும் வேறு பெயரிலேயே எழுதுவித்தல் வேண்டும். அதனால் பிறிதொரு நன்மையும் உண்டு. முனையம் சமவகலக் கட்டங்களில் எழுத்துகளை அமைப்பதாகலின், ஆங்குத் தமிழெழுத்துகள் நெருங்கியும் சிதைந்தும் தோன்றுவதுண்டு. புதுக்கோப்பை மேற்சாளரத்தில் திறந்தால் அவை செவ்வனே தெரியும்.