ஆங்கிலம் பேசினால் மட்டும் போதுமா? உலகத் தலைமைத்துவத்தைத் தேடும் ஜப்பானியக் கம்பனிகள்

2001 ஜனவரியில் இந்தோனேசியக் கடைகளிலிருந்து அஜினோமோட்டோ பக்கற்றுகள் அகற்றப்பட்டன. அந்தச் சுவையூட்டியை உற்பத்தி செய்ய உதவும் நுண்ணுயிர்களுக்கான வளர்ப்பு ஊடகத்தில், பன்றியிலிருந்து பெறப்பட்ட நொதியம் சம்பந்தப்பட்டிருப்பது தெரியவந்ததால் இந்தோனேசிய உலமா சபை அதனை ஹராம் என அறிவித்திருந்தது. இறுதிப் பொருளில் பன்றியின் எந்தக் கூறும் இல்லை என்று கம்பனி விளக்கமளித்தது. அப்போதைய ஜனாதிபதி அப்துர் ரஹ்மான் வாஹிதும் அது ஹலால்தான் என்றார். அப்படியிருந்தும் பொருட்கள் மீளப்பெறப்பட்டன. கம்பனி அதிகாரிகள் சிலர் பொலிஸாரால் தடுத்து வைக்கப்பட்டனர்.

இரசாயன ரீதியில் கம்பனியின் விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் 1969 முதல் அந்நாட்டில் இயங்கிவரும் ஒரு நிறுவனம், ஒரு மூலப்பொருளை மாற்றும்போது அதை யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதில் தவறிவிட்டது. இது ஆய்வுகூடத்தில் நேர்ந்த பிழையன்று, தலைமைத்துவத்தில் நேர்ந்த பிழை என்றே நான் கருதுகிறேன்.

ஜப்பானில் இன்று அடிக்கடி கேட்கும் சொல் 'குளோபல் ஜின்சாய்'. உலகெங்கும் பணியாற்றத் தகுதியுள்ள மனிதவளம் என்பது அதன் பொருள். அந்நாட்டின் சனத்தொகை 2008ஆம் ஆண்டளவில் உச்சத்தைத் தொட்டு, பின்னர் குறையத் தொடங்கிவிட்டது. உள்நாட்டுச் சந்தை சுருங்கும்போது வெளியே போவதைத் தவிர கம்பனிகளுக்கு வேறு வழியில்லை. போவதற்குப் பணமும் தொழில்நுட்பமும் இருக்கின்றன. வழிநடத்த ஆட்கள்தான் போதவில்லை.

ஏன் இந்தப் பற்றாக்குறை? ஜப்பானிய ஊழியர் உருவாகும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் இளைஞர்களை ஒவ்வொரு ஏப்ரலிலும் கூட்டமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். பின்னர் சில வருடங்களுக்கொரு முறை பிரிவு மாற்றம், சேவைக்காலத்தோடு சேர்ந்து மெதுவாக வரும் பதவியுயர்வு. ஒரு தீர்மானம் கூட்டத்துக்கு வருமுன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து இணக்கம் பெற்றுவிடுவார்கள். இதற்கு 'நெமவாஷி' என்று பெயர். மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றித் தோண்டிப் பதப்படுத்துவதைக் குறிக்கும் தோட்டக்காரர் சொல் அது. கூட்டம் என்பது ஏற்கெனவே முடிந்ததை உறுதிப்படுத்தும் சடங்கு மட்டுமே. சொல்லாததையும் புரிந்துகொள்வதைக் 'காற்றை வாசித்தல்' என்கிறார்கள்.

இவையெல்லாம் ஒரே ஊரில், ஒரே மொழியில் பிரமாதமாக வேலை செய்யும். அதே மனிதரை ஓர் இந்தியரும் ஒரு பிரேசில்காரரும் அமர்ந்திருக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வைத்தால், அவருடைய மௌனத்தைக் கருத்தே இல்லாதவர் என்றுதான் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இணைய வணிக நிறுவனமான ரகுடென் இதற்கு எடுத்த வைத்தியம் கடுமையானது. 2010இல் அதன் தலைவர் ஹிரோஷி மிகிதானி, இரண்டு வருடங்களில் கம்பனியின் அலுவல் மொழி ஆங்கிலமாகும் என அறிவித்தார். உணவுக்கூடப் பட்டியல்கூட ஆங்கிலத்துக்கு மாறியது. டோயிக் பரீட்சையில் உரிய புள்ளி பெறாதவருக்குப் பதவியுயர்வு சிக்கலாகும் நிலை. ஆரம்பத்தில் 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று விட்ட கம்பனி, அது சரிவராததைக் கண்டு பின்னர் வகுப்புகளையும் வேலை நேரத்தையும் ஒதுக்கியது. ஹோண்டாவின் அப்போதைய தலைவர் இதை முட்டாள்தனம் என்றே விமர்சித்தார். வேடிக்கை என்னவென்றால், சில வருடங்கள் கழித்து ஹோண்டாவும் சர்வதேசக் கூட்டங்களுக்கு ஆங்கிலத்தை நோக்கி நகர்ந்தது.

ரகுடென்னை ஆராய்ந்த ஹார்வர்ட் பேராசிரியை செடால் நீலி கவனித்த விடயம் முக்கியமானது. ஜப்பானிய ஊழியர்கள் தமது சொந்த நாட்டிலேயே மொழியால் அந்நியர்களாயினர். இருபது வருட அனுபவமுள்ள ஒருவர் கூட்டத்தில் சொல் தேடித் தடுமாறும்போது, அவருடைய அனுபவமும் சேர்ந்து மதிப்பிழக்கிறது. புள்ளிகள் உயர்ந்தன என்பது உண்மை. ஆனால் பரீட்சைப் புள்ளியை வைத்து ஒருவர் தலைவரா என்று அளக்க முடியாது.

இதைவிடப் பழைய வழியொன்று இருக்கிறது. பெரும் வர்த்தக நிறுவனங்கள் இளம் ஊழியர்களை மொழிப் பயிலுனர்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பி, அங்கேயே வாழவும் வேலை செய்யவும் விடுகின்றன. டொயோட்டா 1984இல் கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டர்ஸுடன் கூட்டாக நடத்திய தொழிற்சாலையும் அத்தகைய பள்ளிக்கூடம்தான். பிழையைக் கண்டால் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்று அமெரிக்கத் தொழிலாளருக்குக் கற்றுக்கொடுக்கப் போன ஜப்பானியர்கள், தமக்குப் பழகிப்போன ஒன்றை வேற்று மனிதருக்கு வார்த்தைகளில் விளக்கும் கலையைத் தாமும் கற்றார்கள்.

ஆனால் பயிற்சி எதுவும் தலைமையகத்தின் கதவில் வந்து முட்டுகிறது. வெளிநாட்டில் நேரடியாகப் பேசப் பழகித் திரும்புபவர், டோக்கியோவில் 'காற்றை வாசிக்கத் தெரியாதவர்' ஆகிவிடுகிறார். பல கம்பனிகளில் வெளிநாட்டுக் கிளையின் உயர்பதவிகளும் டோக்கியோவிலிருந்து வருபவருக்கே ஒதுக்கப்படுகின்றன. அதனால் திறமையான உள்ளூர் முகாமையாளர் வேறிடம் பார்த்துப் போய்விடுகிறார். 18ஆம் நூற்றாண்டில் ஒசாக்காவில் தொடங்கிய மருந்துக் கம்பனியான டகேடா, 2014இல் பிரான்ஸ் நாட்டவரான கிறிஸ்தோஃப் வெபரைத் தலைவராக்கியபோது, ஸ்தாபகர் குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் முன்னாள் ஊழியர்களும் பகிரங்கமாகவே எதிர்ப்புத் தெரிவித்தனர். நியமனம் நின்றது. ஜப்பானிய ஊழியர்களும் அவருக்குக் கீழ் வேலை செய்யப் பழகிக்கொண்டார்கள்.